எட்டுத் தட பஸ்ஸில் கிராஸ்டாக்கை நிகழ்தகவால் மதிப்பிடுவது எப்படி?

எட்டுத் தடங்கள் கொண்ட டேட்டா பஸ் (டேட்டாவைச் சுமக்கும் இணைக் கம்பித் தொகுதி) ஒன்றில் நான்காவது தடத்தின் மீது மற்றவை ஏற்றும் இரைச்சலை, அதாவது கிராஸ்டாக்கை, மதிப்பிடும்போது நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. இந்த விளக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில், நான்காவது தடத்தை மாறாமல் நிறுத்திவைத்து, மற்ற ஏழையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதில் எழும் உச்ச இரைச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்டிஸ்பைஸ் என்னும் மின்சுற்றுப் பாவனை மென்பொருள் இதற்குப் போதும். இருபுறமும் அடுத்துள்ள தடங்கள் தலா 60 மில்லிவோல்ட், அவற்றுக்கு அப்பால் உள்ளவை 20, பிறகு 10, கடைசியாக எட்டாவது தடம் 5 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே கிளாக்கில் (ஒரே கடிகாரத் துடிப்பில்) ஒரே திசையில் மாறினால் மொத்தம் 185.

அடுத்து, டேட்டா சீரற்றதாக இருந்தால் ஒரு தடம் ஏறும் (0-இலிருந்து 1 ஆகும்) நிகழ்தகவு 1/4, இறங்குவது 1/4, மாறாதிருப்பது 1/2. ஆகவே சராசரி சுழி. மேலே குறித்த உச்ச இரைச்சல்களின் வர்க்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் ஏறத்தாழ 64 மில்லிவோல்ட்.

இங்கேதான் நான் யோசிக்காமல் இயல்நிலைப் பரவலை (மணி வடிவ வளைவை) பொருத்தினேன். மூன்று திட்டவிலக்கம் 192 ஆகிறது, அதாவது நேரவே முடியாத ஒரு மதிப்பு. இரைச்சல் ஏதேனும் ஒரு திசையில் 150-ஐத் தாண்டும் வாய்ப்பை அந்தப் பரவல் ஏறக்குறைய 1.9 விழுக்காடு என்கிறது. உண்மையில் அந்த வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. தடங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் இந்தப் பிழை எளிதில் மறையாது, ஏனெனில் பக்கத்திலுள்ள இரண்டு தடங்களே இரைச்சலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே பொருத்துவதை விட்டுவிட்டு எண்ணிவிடுங்கள். ஏழு தடங்களுக்கு மூன்று நிலைகள் என்றால் 2187 சேர்க்கைகள்தான்; பைத்தானில் சில வரிகளில் முடிந்துவிடும் வேலைக்கு மான்டி கார்லோ (சீரற்ற மாதிரிகளை எடுத்து மதிப்பிடும் முறை) தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு சேர்க்கையின் இரைச்சலையும் அதன் நிகழ்தகவையும் பட்டியலிட்டு, உங்கள் வரம்பைத் தாண்டுபவற்றின் நிகழ்தகவுகளை மட்டும் கூட்டுங்கள். உச்சமான 185 நேரும் வாய்ப்பு, இரு திசைகளையும் சேர்த்து, 8192-இல் ஒன்று. அரிது என்று நினைத்துவிட வேண்டாம். 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அது நொடிக்குப் பன்னிரண்டாயிரம் முறைக்கு மேல் நேரும்.

பின்சேர்க்கை: நினைவக முகவரிகளைச் சுமக்கும் முகவரி பஸ்ஸுக்கும் இதே கணக்குப் பொருந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. முகவரிகள் ஒவ்வொன்றாக வரிசையில் ஏறும்போது கடைசி பிட்டுக்குரிய தடம் ஒவ்வொரு கிளாக்கிலும் மாறும், அதற்கு முந்தையது இரண்டு கிளாக்குக்கு ஒருமுறைதான் மாறும். மேலும் ஒன்றின் மாற்றம் மற்றதைச் சார்ந்தே நிகழ்கிறது. அங்கே மென்பொருள் ஓடும்போது பதிவுசெய்த முகவரித் தொடரையே எடுத்து, அதில் நேரும் சேர்க்கைகளை எண்ணுவதே சரியான வழி.