ஆளுநர் வின்த்ரொப்பின் வாழ்க்கையை எழுதும் பிள்ளைகளுக்கு

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரம் வரலாறு படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜோன் வின்த்ரொப்பின் வாழ்க்கையை நாலு பக்கத்தில் எழுத வேண்டும். அநேகமாக எல்லாரும் முதல் வரியிலேயே சறுக்குவார்கள். நானும் ஒரு காலத்தில் சறுக்கியவன்தான்.

ஆகவே திகதியில் தொடங்குங்கள். பழைய கணக்கில் அவர் பிறந்தது 1587 ஜனவரி 12, இறந்தது 1649 மார்ச் 26. கழித்தால் 62 வயது வரும். அது பிழை. அக்கால இங்கிலாந்தில் வருஷம் பிறப்பது மார்ச் 25இல். நமக்கும் தை பிறந்தால் வருஷம் மாறிவிடுகிறதா? சித்திரை வரை பொறுக்க வேண்டாமா? தையில் பிறந்த என் தங்கையின் சாதகத்தில் முந்தின சித்திரையில் தொடங்கிய வருஷத்தின் பெயர்தான் இருக்கிறது. அதே கணக்குத்தான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான திகதி வந்தால் வருஷத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். பிறந்தது 1588, வயது 61. இறந்த நாளில் கைவைக்க வேண்டாம். அது புது வருஷத்தின் இரண்டாம் நாள்.

நம்மூர்ச் சம்பவத்தைப் பக்கத்தில் வைக்கும்போது இன்னொரு கணக்கும் வரும். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638 மே 18. அன்று வின்த்ரொப் இருந்த பொஸ்ரன் நகரின் கலண்டரில் மே 8தான். ஒல்லாந்தர் திருத்திய புதுக் கலண்டரைப் பின்பற்றினார்கள், ஆங்கிலேயர் பழையதையே வைத்திருந்தார்கள். அதனால் பத்து நாள் இடைவெளி.

அடுத்தது, ‘ஆளுநர்’ என்ற சொல். நம் மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். வின்த்ரொப்பை அப்படி யாரும் நியமிக்கவில்லை. இங்கிலாந்து அரசர் 1629இல் ஒரு வணிகக் கம்பனிக்குக் கொடுத்த பட்டயத்தை, குடியேறப் போனவர்கள் கையோடு கப்பலில் கொண்டுபோய்விட்டார்கள். கம்பனியின் பங்காளிகள் தங்கள் தலைவரைத் தெரிவுசெய்வதுபோல ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பு நடந்தது. வாக்கு, திருச்சபை அங்கத்தவரான ஆண்களுக்கு மட்டும். 1634இல் அவர் தோற்றார், தோமஸ் டட்லி வந்தார். சீ.ஆர். கொப்பியில் ஆண்டுக்கு ஒரு கட்டம் போட்டு, அவர் பதவியில் இருந்த காலத்துக்கு நிறம் தீட்டுங்கள்: 1634 வரை, 1637–40, 1642–44, 1646இலிருந்து சாகும்வரை. இடையில் இருக்கும் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தால் மனிதர் புரிவார்.

காசை விட்டுவிடாதீர்கள். போடியாரின் வயலை முல்லைக்காரன் பார்ப்பதுபோல இவருடைய நிலபுலங்களையும் ஒருவர் பார்த்தார். அந்த ஆள் இவர் பெயரில் கடனை ஏற்றிவைத்தது 1639 அளவில்தான் வெளிவந்தது. ஆளுநரே கடனாளி!

பக்திமான் என்று மட்டும் எழுதி முடித்தால் நான் புள்ளி வெட்டுவேன். மதபோதகர்களோடு முரண்பட்ட ஆன் ஹச்சின்சன் என்ற பெண்ணை 1637இல் விசாரித்து நாடுகடத்திய நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் இவர். பீக்வொற் என்ற பூர்வகுடிகளோடு நடந்த போரில் பிடிபட்டவர்கள் இவர் வீட்டிலேயே அடிமைகளாக இருந்தார்கள். 1638இல் டிசயர் என்ற கப்பல் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்ததை இவரே குறித்துவைத்திருக்கிறார்.

கடைசியாக, நாட்குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், கடிதங்களையும் சேர்த்துப் படியுங்கள். 1630இல் கரையிறங்கிய கையோடு மகன் ஹென்றி, மசச்சூசெற்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் நீரில் மூழ்கி இறந்தான். நாட்குறிப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. மனைவி மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்திலோ ‘என் மகன் ஹென்றி, என் மகன் ஹென்றி, ஐயோ பிள்ளை’ என்று அழுகிறார்.

மார்கரெட் அடுத்த ஆண்டுதான் வந்தார். பிரிந்திருந்த காலத்தில் திங்களும் வெள்ளியும் பின்னேரம் 5 மணிக்கு ஒருவரை ஒருவர் நினைப்பதாக இருவருக்கும் பேச்சு. இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, “சேர், கப்பல் மேற்கே போகப்போக அவருக்கு அஞ்சு மணி பிந்தித்தானே வரும்?” என்று கேட்டது. அதை அப்படியே கட்டுரையில் எழுதச் சொன்னேன்.