மொரீஷியஸ் வெயிலுக்குத் தாங்கும் கொக்கோ எள்ளுருண்டை

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை போர்ட் லூயி பக்கம் சாக்லேட் பூசிய பண்டம் எதையும் சமையலறை மேடையில் நம்பி வைக்க முடியாது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். உருகி மறுபடி இறுகினால் சாம்பல் பூத்ததுபோல் மேலே வெளுக்கும். உள்ளிருந்த கொழுப்பு மேலே வந்து படிவதால் வரும் வெளுப்பு அது. சாப்பிடலாம், கெடுதலில்லை. ஆனால் தீபாவளித் தட்டில் காத்தோ பத்தாத் என்ற சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்ப மனசு வராது.

ஆகவே சாக்லேட்டை உருக்கிப் பூசும் வேலையே வேண்டாம். கொக்கோத் தூளை உருண்டைக்குள் சேர்த்துவிடுங்கள். கடலையும் எள்ளும் விடும் எண்ணெய், கொஞ்சம் பாகு, இரண்டுமே பிடித்துக்கொள்ளப் போதும்.

20 உருண்டைக்கு வேண்டியவை: நிலக்கடலை 150 கிராம், வெள்ளை எள் 60 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், இனிப்பில்லாத கொக்கோத் தூள் 30 கிராம், கருப்பு மஸ்கொவாடோ சர்க்கரை 100 கிராம், நெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், கொக்கோவின் கசப்பை அடக்குவது அதுதான். வனிலா சேர்க்க ஆசைப்பட்டால் ஏலக்காயை நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது.

வெல்லம் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் கரும்பு விளையும் தீவில் அதற்காக அலைய வேண்டாம். மஸ்கொவாடோவில் மொலாசஸ், அதாவது கரும்பின் கருப்புப் பாகு, நீக்காமல் இருப்பதால் வெல்லத்தின் வாசனையும் ஈரமும் அதில் இருக்கும். மண், தூசி இல்லாததால் கரைத்து வடிகட்டும் வேலையும் மிச்சம். கல்லாக இறுகிப்போயிருந்தால் ஈரத்துணியால் மூடி ஓர் இரவு வையுங்கள், உதிரும். பழுப்பாக இருப்பதால் அது சர்க்கரை இல்லையென்று ஆகிவிடாது. இந்த அளவில் ஓர் உருண்டைக்கு 5 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 100 கலோரி. சேர்த்த சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் இரண்டு உருண்டை சரி, ஆறு உருண்டை சரியில்லை.

கொக்கோ வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலில் கலக்கும் சாக்லேட் தூளில் பெரும்பாலும் சர்க்கரைதான் முதலில் எழுதியிருக்கும். அது இதற்கு உதவாது. பொட்டாசியம் கார்பனேட் அல்லது ஈ 501 என்று இருந்தால் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ. நிறம் கருப்பாக, சுவை சாதுவாக இருக்கும். ஆனால் கொக்கோவில் உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் ஃபிளவனால்கள் அதில் வெகுவாகக் குறைந்திருக்கும். சேர்க்காத தூள் செம்பழுப்பாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். அதுவே நமக்கு வேண்டியது.

கடையில் 'பிஸ்தாஷ்' என்று கேட்டால் நிலக்கடலைதான் வரும், பச்சைப் பிஸ்தா வராது. பச்சைக் கடலையாக வாங்கிப் பொறுக்கி எடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் குப்பைக்கு. ஈரக்காற்றில் கடலையில் வளரும் பூஞ்சை விடும் அஃப்லாடாக்ஸின் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிடுங்கள்.

கடலையைச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வறுத்து, ஆறவிட்டுத் தோலைத் தேய்த்து ஊதுங்கள். அதே சட்டியில் எள் படபடவென்று வெடிக்கும்வரை மூன்று நான்கு நிமிடம். பொட்டுக்கடலைக்குச் சூடு காட்டினால் போதும், நமர்த்துப்போனது மொறுமொறுக்கும்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. பொட்டுக்கடலையையும் ஏலக்காயையும் மாவாக அரைத்துச் சலியுங்கள். எள்ளில் பாதியைப் பொடியுங்கள், மீதி முழுதாக இருக்கட்டும். முழு எள்ளை மெல்லாமல் விழுங்கினால் அதிலுள்ள சத்து உடம்பில் சேராது, அதனால்தான் பாதிப் பொடி. கடலையை விட்டு விட்டு அரைக்க வேண்டும்: ஒரு சுற்று, நிறுத்து, கிளறு. கையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் நிறுத்துங்கள். சூடாகவோ தொடர்ந்தோ அரைத்தால் விழுதாகிவிடும். பிறகு உருண்டை எண்ணெய் வழியும். அப்படி ஆகிவிட்டால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துச் சமாளிக்கலாம். கொக்கோ தவிர மற்றப் பொடிகளையும் முழு எள்ளையும் உப்பு, சுக்கோடு அகலமான பாத்திரத்தில் கலந்து வையுங்கள்.

நெய்யைச் சூடாக்கி அடுப்பை அணைத்த பிறகு கொக்கோவைப் போட்டுக் குழையுங்கள். அந்தச் சூட்டிலேயே பச்சை வாசனை போய்விடும். அணைக்காமல் போட்டால் நொடியில் கருகும், கருகிய கொக்கோவின் கசப்பை எந்தச் சர்க்கரையும் மாற்றாது. நெய்யில் குழைத்திருப்பதால் பாகில் சேரும்போது கட்டி தட்டாது.

பாகுதான் கவனம் வேண்டிய இடம். சற்று ஆழமான பாத்திரத்தில் சர்க்கரையையும் தண்ணீரையும் சிறு தீயில் வையுங்கள்; மஸ்கொவாடோ நுரைத்துப் பொங்கும். கம்பிப் பதம் பார்ப்பது இதில் ஏமாற்றும். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 113 டிகிரி. கொதி வந்து மூன்று நான்கு நிமிடத்தில் இது வந்துவிடும், நகராதீர்கள். அணைத்து, கொக்கோ நெய்யைச் சேர்த்துக் கலக்கி, உடனே பொடியின் மேல் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் 20 கிராம் அளவுக்கு எடுத்து, முதலில் அழுத்தி, பிறகு உருட்டுங்கள்.

பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீரோ பாலோ தெளிக்காதீர்கள், இரண்டு நாளில் பூஞ்சை வரும். கலவையில் ஒரு கைப்பிடியை மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை சுற்றி மறுபடி சேருங்கள். கல்லாகிப் போனால் பாகு முற்றிவிட்டது. உடைத்துத் தயிரின் மேல் தூவிச் சாப்பிடலாம், உருண்டையாக மீட்க வழியில்லை.

சர்க்கரைக்குப் பதில் கொட்டை நீக்கிய பேரீச்சை 130 கிராம் போட்டு அரைத்தும் செய்யலாம். நார்ச்சத்து கூடும், பாகு வேலை இல்லை. ஆனால் பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், அதனால் கணக்கு பெரிதாக மாறாது. மென்மையாக இருக்கும், ஒரு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். தேன் வேண்டாம், இறுகவே இறுகாது.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் வகுப்பில் யாருக்காவது கடலையோ எள்ளோ ஒவ்வாமையா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே பத்து நாள் இருக்கும். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி மின்சாரம் போன நாளில், அடுப்பும் குளிர்பெட்டியும் கேட்காத பண்டம் இது. கூர்பிப் போன்ற மேட்டுப் பகுதியில் சூடு குறைவு, ஈரம் அதிகம். அங்கே டப்பாவை அடிக்கடி திறக்காமல் இரண்டு மூன்று சிறு டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், டப்பாவின் மேல் கோத்த நீர் காய்ந்த பிறகு திறங்கள்.