ஸ்டேக்கின் பதம் அறிய
ஸ்டேக் (தடிமனாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு) வேகும் பதத்தை நிமிடக் கணக்கில் பிடிக்க முடியாது. துண்டின் கனமும் வாணலியின் சூடும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், இறைச்சி வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. அதன் முனையைப் பக்கவாட்டில் செருகி, எலும்பில் படாமல் துண்டின் நடுவில் நிறுத்திப் பார்க்கும்போது, 55 டிகிரி செல்சியஸ் காட்டினால் உள்ளே சிவந்து சாறு நிறைந்த மீடியம் ரேர், 60ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பான மீடியம், 70ஐக் கடந்தால் முழுவதும் வெந்த (என் நாவுக்குச் சற்றே வறண்ட) வெல் டன் எனக் கொள்ளலாம். இறக்கிய பிறகும் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதால், வேண்டிய அளவுக்கு 3 டிகிரி முன்பே அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். வாணலியில் இடுமுன் மேற்பரப்பின் ஈரத்தை ஒற்றி எடுக்காவிட்டால், அந்த நீர் ஆவியாகும் வரை இறைச்சி அவியுமே தவிர முறுகாது.