கோயில் மண்டபத்தில் ஒரு நலோக்ஸோன் வகுப்பு: முதன்முறை நடத்துபவர்களுக்கு

டொராண்டோவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஊர்ச்சங்கம், கோயில் மண்டபம், முதியோர் சங்கம் என்று நம் ஆட்கள் கூடும் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) ஓவர்டோஸில் மயங்கிக் கிடப்பவரை, அதை முறிக்கும் நலோக்ஸோன் என்ற மருந்தால் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் புதிதாக இறங்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் ஒரு பெட்டி வாங்குங்கள்

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016 முதல் மருந்தகங்கள் வழியாக நலோக்ஸோன் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்துச் சீட்டு வேண்டாம், ஹெல்த் கார்டும் வேண்டாம். எல்லா மருந்தகத்திலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி வகையும் உண்டு, ஆனால் முதல் வகுப்புக்கு ஸ்பிரேதான் சுலபம். பெட்டிக்குள் 4 மில்லிகிராம் ஸ்பிரே இரண்டு, கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும்போது இடையில் வைக்கும் தடுப்பு எல்லாம் இருக்கும். மருந்தாளரிடம் செய்து காட்டச் சொல்லி நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவைத் தொடர்புகொண்டு, மருந்து இல்லாத பயிற்சி ஸ்பிரே கிடைக்குமா என்று கேளுங்கள். அது கையில் இல்லாமல் வகுப்பு வைப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை.

2. பேச்சை மாத்திரைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

தெருவில் விற்கும் வீரியமான ஓபியாய்டான ‘ஃபென்டனில்’ என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் மனதளவில் எழுந்து போய்விடுவார்கள். அது யாரோ தெருவில் இருப்பவர்களின் பிரச்சினை, எங்கள் பிள்ளைகள் அப்படி இல்லை என்பார்கள். அதனால் நான் வேறு விதமாகக் கேட்பேன்: முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மாத்திரை இன்னும் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது? கைகள் மெல்ல உயரும். கோடீன் கலந்த டைலனால் 3, ஆக்ஸிகோடோன், ஹைட்ரோமார்ஃபோன் எல்லாமே ஓபியாய்டுகள்தான். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து கூடும். மிச்ச மாத்திரையை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற தகவலுக்கே சிலர் நன்றி சொல்வார்கள்.

ஃபென்டனிலுக்கு அதன் பிறகு வாருங்கள். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் என்ற ஒரு வரி போதும். இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள்: சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்தவருக்கு உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் அதுவே உயிரைக் குடித்துவிடும்.

3. குறட்டையைப் பற்றிப் பேசுங்கள்

வகுப்பின் முக்கியமான பத்து நிமிடம் இது. ஓபியாய்டு மூளையில் போய் உட்கார்ந்ததும் மூச்சு விடச் சொல்லும் கட்டளை தளர்ந்துபோகிறது. ஆள் சாவது மூச்சு நின்றுதான். அந்த நேரத்தில் தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு குறட்டை மாதிரியே கேட்கும். ‘அசந்து தூங்குகிறான், எழுப்பாதே’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும் வீடுகள் உண்டு.

எழுப்பிப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கத்த வேண்டும், தோள் சதையை அழுத்திக் கிள்ள வேண்டும். அசைவே இல்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது, கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியதில்லை. நம் தோல் நிறத்தில் உதடு நீலமாகத் தெரியாமல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கலாம். உள்ளுதட்டையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மோர், எலுமிச்சம் சாறு, தலையில் தண்ணீர் ஊற்றுவது பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். குளிர்ந்த நீரும் கன்னத்தில் அறைவதும் நேரத்தைத்தான் தின்னும்.

4. 911

நலோக்ஸோன் இருந்தாலும் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் ‘தமிழ்’ என்று சொன்னால் டொராண்டோவில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மூச்சு வரவில்லை என்பதை முதலில் சொல்லப் பழக்குங்கள்.

போலீஸ் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுமே என்ற பயம்தான் பல வீடுகளில் போனை எடுக்க விடாமல் செய்வது. 2017இல் வந்த கனடாவின் நல்ல சமாரியன் சட்டம், உதவிக்கு அழைத்தவரையும் அங்கே இருந்தவர்களையும் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்த போதைப்பொருள் வழக்கிலிருந்து காக்கிறது. விற்பனைக் குற்றத்துக்கோ ஏற்கெனவே இருக்கும் பிடியாணைக்கோ அது பொருந்தாது. குடிவரவுக் கேள்விகள் வந்தால் நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள், சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்கள்.

5. கையில் கொடுத்துச் செய்ய வையுங்கள்

பயிற்சி ஸ்பிரேயைக் கையில் கொடுத்ததும் பத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறதா என்று காற்றில் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். வாசனை ஸ்பிரே பழக்கம்! நிஜ ஸ்பிரேயில் அப்படிச் செய்தால் மருந்து தரையில். ஒன்றில் ஒரே ஒரு டோஸ்தான்.

சரி, முறை இது. ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துக் கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஸ்பிரேயின் நுனிக்கு இருபுறமும் இரண்டு விரல், அடியில் கட்டைவிரல். விரல்கள் மூக்கின் அடியைத் தொடும்வரை உள்ளே விட்டு, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எந்தத் துவாரமானாலும் சரி. மூக்குத்தி இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள், நல்ல கேள்விதான்: திருகாணி உறுத்தாத மறுபக்கத்தில் அடியுங்கள்.

இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருப்பவரைக் கிளப்பிவிட்டுத் தான் உட்காருவதுபோல, நலோக்ஸோன் ஓபியாய்டை அகற்றுகிறது. அதற்கு 2, 3 நிமிடம் எடுக்கும். அதுவரை 5 விநாடிக்கு ஒரு மூச்சு கொடுக்கலாம். 911இல் இருப்பவர் நெஞ்சை அழுத்தச் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஸ்பிரே, மறு துவாரத்தில். தெருவில் கிடைக்கும் சரக்கில் இப்போது பென்ஸோ வகைத் தூக்க மருந்துகளும் ஸைலஸீன் என்ற கால்நடை மயக்க மருந்தும் கலந்து வருகின்றன. நலோக்ஸோன் அவற்றை ஒன்றும் செய்யாது, அதனால் மூச்சு திரும்பியும் கண் திறக்காமல் இருக்கலாம். மூச்சு வந்தால் போதும், பயப்பட வேண்டாம்.

ஓபியாய்டு இல்லாதவருக்கு அடித்துவிட்டால்? கெடுதல் இல்லை. சந்தேகம் என்றால் அடியுங்கள்.

மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இதை ஒருவரைப் பாயில் படுக்கவைத்தே காட்டுங்கள். விழித்தவர் குமட்டலோடும் எரிச்சலோடும் எழுந்து, ‘ஒன்றுமில்லை, போகிறேன்’ என்பார். விடாதீர்கள். மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் குறைந்துவிடும், ஓபியாய்டு அதற்கு மேலும் உடலில் இருந்தால் மூச்சு மறுபடி நிற்கும்.

6. முடிந்த பிறகு

யார் பெட்டி வாங்கினார்கள் என்று பட்டியல் போடாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். கதிரைகளை அடுக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். ‘என் நண்பரின் மகனுக்கு’ என்று கேட்க வருபவர் அப்போதுதான் வருவார். யாருடைய மகன் என்று கேட்காமல் அருகிலுள்ள மருந்தகத்தைச் சொல்லுங்கள். அப்புறம் பெட்டியைப் பற்றி இரண்டு விஷயம்: குளிர்காலத்தில் காரில் விட்டுவைத்தால் உறைந்துவிடும், கைப்பையிலோ வீட்டு அலமாரியிலோ வைக்கச் சொல்லுங்கள். பயன்படுத்தியதற்கும் காலாவதியானதற்கும் பதிலாக மருந்தகத்தில் புதியதை இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம்.