தவளைக் கருவின் மேற்பரப்புச் சர்க்கரையைப் பார்ப்பது எப்படி?

செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்து நிற்கும். நரம்பு மண்டலம் உருவாகும் வேளையில் அவை எங்கே இருக்கின்றன? ஜெனோபஸ் தவளைக் கருவில் நீங்களே பார்க்கலாம். ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஜெல்லியை நீக்குங்கள்
முட்டையைச் சுற்றியுள்ள ஜெல்லியிலேயே சர்க்கரை ஏராளம். கருவுற்ற முட்டைகளை 2% சிஸ்டீன் கரைசலில் (பிஎச் 8 அளவு) சில நிமிடங்கள் சுழற்றுங்கள். முட்டைகள் இடைவெளியின்றி நெருங்கி அமர்ந்ததும் உடனே கழுவிவிடுங்கள்.

படி 2: காத்திருங்கள்
23 டிகிரியில் சுமார் 15 மணி நேரத்தில் நரம்புத் தட்டு (நரம்பு மண்டலமாக மாறப்போகும் தட்டையான செல் அடுக்கு) தெரியும். 22 மணி வாக்கில் அதன் மடிப்புகள் கூடிக் குழாயாகிவிடும்.

படி 3: உறையை உரியுங்கள்
கருவை ஒட்டியிருக்கும் விட்டலின் உறையிலும் சர்க்கரை உண்டு. இரண்டு கூரிய ஃபோர்செப்ஸ் கொண்டு அகரோஸ் பூசிய தட்டில் உரியுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் உரித்த கரு ஒட்டிக்கொண்டு கிழியும். பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்துங்கள்.

படி 4: லெக்டின்
லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் பற்றும் புரதம். தொடக்கத்துக்குக் கான்கனாவலின் ஏ போதும். நம்மூர்த் தம்பட்டங்காயின் இனத்து அவரை விதையிலிருந்து எடுப்பது. மேனோஸ், குளுக்கோஸ் இரண்டையும் பற்றும். அதற்குக் கால்சியமும் மாங்கனீசும் தேவை என்பதால் கரைசலில் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கூடாது. டிடர்ஜென்ட்டும் வேண்டாம்: அது செல் சவ்வைத் திறந்துவிட்டால் லெக்டின் உள்ளே புகுந்து மஞ்சள் கருவோடும் ஒட்டும். மஞ்சள் கரு தானாகவே பச்சையாக ஒளிரும் என்பதால் சிவப்பாக ஒளிரும் சாயம் இணைத்த லெக்டினே என் தேர்வு. அல்பினோ கரு கிடைத்தால் கருநிறமி மறைக்காது.

படி 5: இதைத் தவிர்க்காதீர்கள்
சில கருக்களுக்கு மட்டும் லெக்டினோடு 0.2 மோலார் மீத்தைல் மேனோசைடு (லெக்டின் பற்றும் மேனோஸ் வகைச் சர்க்கரை) கலந்து கொடுங்கள். அங்கே ஒளி மங்க வேண்டும். மங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது சர்க்கரையை அல்ல.

முடிவைப் படிக்கும்போது
ஓரிடம் ஒளிர்வதாலேயே அந்தச் சர்க்கரைதான் நரம்பை உருவாக்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நியூட் (வாலுள்ள நீர்நில வாழ்வி) கருவின் புறப்படலத்தில் (வெளிச் செல் அடுக்கில்) இதே லெக்டினை இட்டபோது நரம்புத் திசு உருவானது. ஆனால் அந்தப் படலம் சற்று சீண்டினாலே நரம்பாகக்கூடியது! ஜெனோபஸில் செல்களைப் பிரித்துச் சில மணி நேரம் வைத்தாலே போதும். செல்கள் நரம்பாவதைத் தடுக்கும் பிஎம்பி என்ற புரதத்தின் சமிக்ஞை நீர்த்துப்போவதால் அவை நரம்பாகின்றன. ஆகவே லெக்டின் சர்க்கரை வழியாக வேலை செய்ததா, பொதுவான சீண்டலா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

நரம்புச் செல்களின் என்கேம் (செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்) புரதத்தில் தொங்கும் பாலிசியாலிக் அமிலம் என்ற சர்க்கரைச் சங்கிலியைத் தேடுகிறீர்கள் என்றால் இந்த லெக்டின் உதவாது. அதற்கென உள்ள ஆன்டிபாடி வாங்குங்கள்.