சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட்? கணக்குப் போடும் முறை

விமானம் கட்டி முடித்து, வெறும் அலுமினியப் பளபளப்போடு கொட்டகையில் நிற்கிறது. பார்க்க வருகிற எல்லோரும் "என்ன கலர் அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கடைக்குப் போகும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: மொத்தம் எத்தனை சதுர மீட்டர், பூச்சு எத்தனை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த இரண்டும் தெரிந்தால் லிட்டர் வரும். லிட்டரிலிருந்து செலவு வரும். விமானத்தின் மேல் ஏறப்போகும் எடையும் இதே இரண்டு எண்களிலிருந்துதான் வரும். பக்கத்துக் கொட்டகைக்காரர் எத்தனை கேலன் வாங்கினார் என்று கேட்டு வாங்காதீர்கள். அவருடைய பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கி வேறு, கை வேறு.

உதாரணத்துக்கு ஆர்வி-7 எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் அரோராவில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் தொகுப்பு) அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அலுமினிய விமானம்.

படி 1: பரப்பளவை அளப்பது

இறக்கை சுலபம். ஆர்வி-7 இறக்கை ஒரே அகலத்தில் ஓடும் செவ்வகம். முனைக்கு முனை 7.62 மீட்டர், அகலம் சுமார் 1.47 மீட்டர். நடுவில் உடற்பகுதி மறைக்கும் 1.1 மீட்டரைக் கழித்தால் 6.5 மீட்டர். 6.5 × 1.47 = 9.6 சதுர மீட்டர். மேலும் கீழும் சேர்த்து 19.2. வளைவுக்குக் கொஞ்சம் கூட்டி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மேலே இருக்கும் அளவு கீழேயும் இருக்கிறது.

உடற்பகுதிக்குத் தையல்காரர் டேப்தான் சரியான கருவி. மூக்கிலிருந்து வால் வரை 50 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் பென்சில் குறி வையுங்கள். ஒவ்வொரு குறியிலும் டேப்பைச் சுற்றி, இடுப்பு அளவு எடுப்பதுபோல் சுற்றளவு எடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்து நீளத்தால் பெருக்குங்கள். கண்ணாடி மூடியைக் கழித்துவிடுங்கள். ஆர்வி-7க்கு இது சுமார் 14 சதுர மீட்டர். வால் பாகங்கள் ஆறரை, சக்கர உறைகளும் கால் உறைகளும் இரண்டரை. மொத்தம் 43 சதுர மீட்டர். உங்கள் விமானத்தை நீங்களே அளந்துதான் எழுத வேண்டும்.

படி 2: லிட்டர் கணக்கு

ஒரு லிட்டர் பெயிண்டில் காய்ந்தபின் எவ்வளவு மிஞ்சும் என்பது டேட்டா ஷீட்டில் "கன அளவு சாலிட்ஸ்" என்று சதவீதமாக இருக்கும். எடை சாலிட்ஸ் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது பெரிதாகத் தெரியும், அதை எடுத்துவிடாதீர்கள். ஹார்டனரும் (பெயிண்டை இறுக வைப்பது) தின்னரும் (நீர்க்க வைப்பது) கலந்தபின் உள்ள எண்ணா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூத்திரம் இதுதான்:

லிட்டர் = பரப்பளவு × மைக்ரான் ÷ (10 × சாலிட்ஸ் சதவீதம்) ÷ படியும் பங்கு

படியும் பங்கு என்பது துப்பாக்கியிலிருந்து கிளம்பியதில் விமானத்தில் போய் உட்காருவது. மிச்சம் புகையாகப் பறந்து தரையிலும் சுவரிலும் படியும். எச்விஎல்பி துப்பாக்கிகளுக்கு (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை விட்டுத் தெளிக்கும் வகை) 65 சதவீதம் என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் அது பழகிய கைக்கு. முதல் விமானத்துக்கு 0.5 என்று போடுங்கள்.

ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, 25 மைக்ரான், சாலிட்ஸ் 40 என்றால்: 43 × 25 ÷ 400 = 2.7. அதை 0.5 ஆல் வகுத்தால் 5.4 லிட்டர்.

மேல்பூச்சு 55 மைக்ரான், சாலிட்ஸ் 45 என்றால்: 43 × 55 ÷ 450 = 5.26. அதை 0.5 ஆல் வகுத்தால் 10.5 லிட்டர். கப்பில் ஒட்டியது, துப்பாக்கியில் தங்கியது, கலந்து வைத்து நேரமாகி இறுகிப் போனது எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 11.6.

இது அடிக்கத் தயாரான கலவையின் அளவு. கலவை விகிதம் 4:1:1 என்றால் இதில் பெயிண்ட் மட்டும் 7.7 லிட்டர், ஹார்டனரும் தின்னரும் தலா 1.9. சரி, 2 கேலன் என்பது 7.57 லிட்டர். கிட்டத்தட்டப் போதும்போலத் தெரியும். என் நண்பர் அந்த 10 சதவீதத்தைச் சேர்க்காமல் 2 கேலனோடு நிறுத்திக்கொண்டார். கடைசிப் பூச்சில், வலது இறக்கையின் அடிப்பக்கம் பாதி முடிந்தபோது கப் காலி. பிறகு வாங்கி வந்த குவார்ட் (கால் கேலன் டப்பா) வேறு பேட்ச், அதாவது வேறு தடவை தயாரித்தது. கொட்டகை விளக்கில் ஒரே வெள்ளைதான். வெயிலில் தள்ளி நிறுத்தியதும் ஒரு பாதி லேசாக நீலம் காட்டியது. அந்த அடிப்பக்கம் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதனால் 2 கேலனோடு ஒரு குவார்ட்டும் சேர்த்து, ஒரே நாளில், ஒரே பேட்சில் வாங்குங்கள். எல்லா டப்பாக்களையும் பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

படி 3: உங்கள் கையைச் சோதிப்பது

இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் வேண்டாத அலுமினியத் தகட்டை விமானத்தைப் போலவே தேய்த்துத் துடைத்து, ப்ரைமர் போட்டுத் தயார் செய்யுங்கள். கப்பில் அளந்து ஊற்றி ஒரு பூச்சு அடியுங்கள். மீதியைத் திரும்ப அளவுக் கப்பில் ஊற்றிப் பாருங்கள். ஒரு பூச்சுக்கு 120 மில்லி போயிருந்தால், இரண்டு பூச்சுக்கு 240. அதை 43 ஆல் பெருக்கினால் 10.3 லிட்டர். மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. 180 மில்லி போயிருந்தால் இரண்டில் ஒன்று: கனமாக அடிக்கிறீர்கள், அல்லது துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்துப் பாதியைக் காற்றில் விடுகிறீர்கள். கை சரியாகும் வரை தகட்டில் பழகுங்கள்.

படி 4: பணம்

விலைகள் ஊருக்கு ஊர், நிறத்துக்கு நிறம் மாறும். அதனால் தலைப்புகளைச் சொல்கிறேன், விலையைக் கேட்டு நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் வரிசையில் ப்ரைமர், மேல்பூச்சு, ஹார்டனர், தின்னர். ஹார்டனர் தனியாகக் காசு, அதை மறந்தால் பட்ஜெட் அங்கேயே கிழியும். வெள்ளை மலிவு. சிவப்பும் மஞ்சளும் விலையும் அதிகம், அடியில் இருப்பதை மறைக்கும் சக்தியும் குறைவு, பூச்சு கூடும். கோடுகளுக்கு ஒவ்வொரு நிறமும் தனி டப்பா. 8 சதுர மீட்டர் கோட்டுக்குப் பெயிண்ட் மட்டும் ஒன்றரை லிட்டருக்குள் போதும், அதையே நான்கு நிறமாகப் பிரித்தால் நான்கு டப்பா வாங்கி நான்கிலும் மிச்சம் வைப்பீர்கள்.

உப்புக் காகிதம், எண்ணெய் நீக்கி, டேக் துணி (தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்புத் துணி), மறைப்புத் தாள், மெல்லிய கோட்டு டேப், வடிகட்டி, பிளாஸ்டிக் கூடாரம், காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி எல்லாம் சில்லறைச் சாமான் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் பெயிண்ட் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எச்விஎல்பிக்குக் காற்று நிறையத் தேவை, நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல். அந்த அளவுக்குக் கம்ப்ரசர் இல்லையென்றால், தானே காற்று ஊதும் டர்பைன் வகையை வாடகைக்கு எடுப்பது பல சமயம் லாபம்.

ஒரு இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. இரண்டு பாகப் பாலியூரிதேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஒரு தடவை நுரையீரலுக்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா வரலாம். கரி வடிகட்டி முகமூடி நம்பத்தக்கதில்லை, வடிகட்டி தீர்ந்ததை மூக்கு கண்டுபிடிக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று ஊதும் முகக்கவசம் வேண்டும். அதன் விலையை முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதைப் பாருங்கள். கையுறை, உடலை மூடும் உடுப்பு அடுத்த வரி.

தொழில்முறைக் கடையில் இந்த அளவு விமானத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்பார்கள். அதில் பெரும்பகுதி தேய்ப்பதற்கும் மறைப்பதற்கும் ஆகும் கூலி. சொந்தமாக அடித்தால் அந்தக் கூலியை உங்கள் வார இறுதிகளில் கொடுப்பீர்கள்.

படி 5: எடை

காய்ந்த பூச்சின் கனஅளவு: 43 சதுர மீட்டரில் மொத்தம் 80 மைக்ரான் என்றால் 3.4 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரை கிலோ வைத்தால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நிஜத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களும் நிரப்புப் பசையும் சேர்ந்து இதைத் தாண்டும். ஒவ்வொரு கூடுதல் 25 மைக்ரானும் சுமார் 1.6 கிலோ. மெட்டாலிக் நிறம் எடுத்தால் மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) வேறு வேண்டும், அதற்கும் இதேபோல் கணக்குப் போடுங்கள். வாலில் ஏறும் எடை ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் அங்கே நிரப்புப் பசையை அள்ளிப் பூசாதீர்கள்.

ஐலரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றும் (இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பாகங்கள்) தனி விஷயம். இவற்றுக்கு முன்பக்கத்தில் எதிர் எடை வைத்துச் சமன் செய்திருப்பீர்கள். பெயிண்ட் பெரும்பாலும் கீலுக்குப் பின்னால் ஏறும், சமன் குலையும். சமன் குலைந்த பாகம் வேகத்தில் படபடவென்று ஆட ஆரம்பித்தால் விமானத்தையே உடைத்துவிடும். அதனால் பெயிண்ட் காய்ந்தபின் ஒவ்வொன்றையும் திரும்பச் சமன் பார்த்தே மாட்டுங்கள். இறுதிச் சமன் வேலையைப் பெயிண்டுக்குப் பிறகு என்றே திட்டத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாகச் சில சின்னச் செலவுகள். பதிவு எண்ணும், அமெரிக்காவில் கட்டாயமான "எக்ஸ்பெரிமென்டல்" என்ற சொல்லும் (2 முதல் 6 அங்குல உயரம்) வினைல் ஸ்டிக்கராக வெட்டி ஒட்டலாம். ஸ்டாட்டிக் துளைகளை (உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுப்பவை) மறைத்த டேப் கண்ணில் படும் நிறத்தில் இருக்கட்டும், எத்தனை ஒட்டினீர்கள் என்று எண்ணி எழுதி, அத்தனையும் எடுத்தபின் டிக் போடுங்கள். பிறகு விமானத்தை முழுசாக எடை போட்டு, புதிய வெற்று எடையையும் ஈர்ப்பு மையத்தையும் ஆவணத்தில் ஏற்றுங்கள். பக்கத்திலேயே பேட்ச் எண்ணையும் கலவை விகிதத்தையும் எழுதி வையுங்கள், மூக்கில் கல் பட்டுச் சில்லு தெறிக்கும்போது முதலில் தேடப்போவது அதைத்தான்.