காரப்பொடி மீனிலிருந்து போட்டோபாக்டீரியம் என்ற ஒளிரும் பாக்டீரியா: பிரித்தெடுத்து அடையாளம் காண்பது எப்படி?

இருட்டில் ஒளிரும் கடல் பாக்டீரியா எல்லாம் ஒரே வகை என்று பலரும் நினைக்கிறார்கள். விப்ரியோ, அலிவிப்ரியோ, போட்டோபாக்டீரியம் என்று பல பேரினங்களில் ஒளிர்பவை உண்டு. அதே பேரினங்களில் ஒளிராதவையும் உண்டு. அதனால் வெளிச்சத்தைப் பார்த்த உடனே பெயர் வைத்துவிடக் கூடாது. நுண்ணுயிரியலில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையோடு செய்ய வேண்டிய முறை இது. வீட்டுச் சமையலறையில் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 1: மீன்

விடியற்காலையில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், அன்று வந்த காரப்பொடியாகப் பார்த்து வாங்குங்கள். "குழாத் தண்ணியில கழுவாதீங்கக்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த பாக்டீரியாவுக்கு உப்பிலுள்ள சோடியம் இல்லாமல் முடியாது.

காரப்பொடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இதன் உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போல ஓர் ஒளி உறுப்பு இருக்கிறது. அதற்குள் கூட்டமாக வாழ்வது போட்டோபாக்டீரியம் லியோக்நாதி. 1967-இல் இதே மீன் குடும்பத்திலிருந்துதான் அதை விவரித்தார்கள்.

படி 2: ஊடகம் (பாக்டீரியா வளரும் உணவுக் கலவை)

ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 30 கிராம், பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 3 கிராம், கிளிசரால் 3 மில்லி, கலவையைக் கெட்டியாக்கும் அகர் 15 கிராம். ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, பிளேட்டில் ஊற்றுங்கள். கிளிசராலுக்குப் பதில் குளுக்கோஸை அள்ளிப் போட்டால் அமிலம் சேர்ந்து ஒளி மங்கிவிடும். கூடவே உப்பே சேர்க்காத பிளேட் ஒன்றும் ஊற்றி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: ஸ்ட்ரீக்

மீனின் மேல்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, சுத்தமான கத்தரியால் செவுளுக்குப் பின்னால் திறந்து, அந்த ஒளி வளையத்தை லூப்பால் (வளைந்த முனையுள்ள கம்பி) தொட்டு ஸ்ட்ரீக் செய்யுங்கள், அதாவது பிளேட்டில் கோடு கோடாக இழுங்கள். பிளேட்டை 20 முதல் 25 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். சென்னை வெயிலில் வெளியே விட்டால் மற்ற பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஏசி அறை போதும்.

படி 4: இருட்டில் பார்ப்பது

போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். நீலப்பச்சையாக ஒளிரும் தனிக் காலனிகள் (பாக்டீரியா கூட்டமாக வளர்ந்த புள்ளிகள்) தெரியும். அதில் ஒன்றை எடுத்து அதே ஊடகத்தில், அகர் இல்லாமல், குழாயில் வளர்த்துப் பாருங்கள். அசையாமல் வைத்த குழாயில் மேல்மட்டம் மட்டும் ஒளிரும், கீழே இருட்டு. குழாயை ஒரு குலுக்கு குலுக்கினால் முழுக்கப் பளிச்சென்று எரியும். லூசிஃபெரேஸ் என்ற நொதி வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும் இப்படிக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல. எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 5: பேரினத்தை நெருங்குவது

சரி, இப்போது பொறுமை வேண்டும். பாக்டீரியாவை இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கும் கிராம் சாயத்தில் இது இளஞ்சிவப்பு, அதாவது கிராம் நெகட்டிவ். உப்பில்லாத பிளேட்டில் வளராது. ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும். விப்ரியோவும் பெரும்பாலும் இப்படித்தான், இதுவரை வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் உருவத்தில் தொடங்குகிறது. விப்ரியோ பொதுவாக வளைந்த கோல். போட்டோபாக்டீரியம் நேரான, பருத்த கோல். விப்ரியோவின் முனைக் கசையிழைக்கு (நீந்த உதவும் வால் போன்ற இழை) உறை உண்டு, போட்டோபாக்டீரியத்துக்கு இல்லை. நுண்ணோக்கியில் பார்க்க வெட் மவுண்ட் (கண்ணாடித் தகட்டில் ஒரு துளி) போடும்போது உப்புக்கரைசலையே பயன்படுத்துங்கள், வெறும் தண்ணீரில் செல்கள் வெடித்துவிடும்.

இத்தனையும் பொருந்தினாலும் உறுதி சொல்ல பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் வரிசை வேண்டும். பழைய பெயர்களே மாறியிருக்கின்றன: போட்டோபாக்டீரியம் ஃபிஷெரி என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டது பிறகு விப்ரியோ ஃபிஷெரி ஆனது, 2007-இல் அலிவிப்ரியோவுக்குப் போனது. மூன்று பேரினங்களும் விப்ரியோனேசியே குடும்பம், விப்ரியோனேல்ஸ் வரிசை, காமாபுரோட்டியோபாக்டீரியா வகுப்பு. போட்டோபாக்டீரியத்திலேயே புரொஃபண்டம் ஒளிராது. ஆழ்கடல் அழுத்தத்தை விரும்பும் இனம் அது.

படி 6: அப்புறப்படுத்துதல்

சமையலறை வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்: மீன் மீது நோய் தரும் விப்ரியோக்களும் இருக்கலாம். போட்டோபாக்டீரியம் டாம்செலே என்ற இனம் மனிதக் காயத்திலும் தொற்றும். கையில் வெட்டு இருந்தால் அன்று இந்த வேலையைத் தொடாதீர்கள். கையுறை கட்டாயம், அறுத்த மீனைச் சமைக்காதீர்கள், பிளேட் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பையில் போடுங்கள்.